தீர்க்கரேகையை யார் சொல்வது?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஏரோநாட்டிக்கல், ஏவியானிக்ஸ், விமானப் பராமரிப்பு படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

விமானத்தின் வழிகாட்டும் கருவிகளைக் கழற்றுவதும் சோதிப்பதும் திரும்ப மாட்டுவதுமாக வேலைக்காலம் முழுவதையும் கழித்துவிட்டு, இப்போது ராசிபுரம் பக்கம் வீட்டோடு இருப்பவன் எழுதுகிறேன். உங்களில் பலருடைய அப்பா லாரி வைத்திருப்பார், இல்லாவிட்டால் தறி, அதுவும் இல்லாவிட்டால் கோழிப்பண்ணை. அந்த வீட்டிலிருந்து விமானத்தைத் தொடப்போகும் முதல் ஆள் நீங்கள்தான். கல்லூரி பிராஸ்பெக்டஸின் அட்டையில் மேகத்துக்கு மேலே ஒரு போயிங் பறந்துகொண்டிருக்கும். நீங்கள் சம்பளம் வாங்கப் போகிற இடமோ பெரும்பாலும் தரைதான்: நடுராத்திரி ஹேங்கர், தலையில் டார்ச், விடிவதற்குள் கையெழுத்துப் போட்டு விமானத்தை விட்டாக வேண்டும் என்ற நெருக்கடி.

பறக்கும்போது வழிகாட்டும் கணினி தவறு செய்தது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படிக்கிறவருக்கு, நடுவானில் கணினிக்குத் திடீரென்று புத்தி பிசகிவிட்டது போலத் தோன்றும். அப்படி நடந்ததும் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் இந்தத் துறையில் எல்லாரும் படித்தே ஆகவேண்டிய விசாரணை அறிக்கைகள் சில இருக்கின்றன. அவற்றைப் புரட்டினால், தவறு தரையிலேயே, விமானம் கேட்டில் நின்றுகொண்டிருந்தபோதோ அதற்கும் முன்பு ஏதோ ஓர் அலுவலகத்திலோ, ஒரு கை வழியாக உள்ளே போயிருப்பது தெரியும்.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். உங்கள் பாடப் புத்தகத்தில் இனர்ஷியல் நேவிகேஷன் என்று ஓர் அத்தியாயம் இருக்கும். சமன்பாடுகளுக்குள் மூழ்கி விஷயத்தைத் தொலைத்துவிடுகிற அத்தியாயம். பெட்டிக்குள் மூன்று லேசர் கைரோக்கள், மூன்று முடுக்கமானிகள். விமானம் அசையாமல் நிற்க, பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துச் சுமார் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் அது பூமி சுற்றுவதை உணர்கிறது. நம் காலுக்குக் கீழே நிலம் மணிக்கு 15 டிகிரி சுழல்வது நமக்குத் தெரியாது, கைரோவுக்குத் தெரியும். எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்பதிலிருந்து வடக்கைக் கண்டுபிடித்துவிடும். அந்தச் சுழற்சியில் செங்குத்து அச்சுக்கு எவ்வளவு பங்கு என்பதிலிருந்து அட்சரேகையையும் கண்டுபிடித்துவிடும். ஓமலூர் கமலாபுரத்தில் இருக்கிற நம் விமான நிலையத்தில் அந்தப் பங்கு மணிக்கு 3 டிகிரிக்குச் சற்று மேல். துருவத்தில் முழு 15. நிலநடுக்கோட்டில் பூஜ்யம். ஜன்னல் இல்லை, வானொலி இல்லை, செயற்கைக்கோள் இல்லை. மூடிய பெட்டிக்குள் இருந்துகொண்டே, நான் பூமியில் இத்தனை டிகிரி வடக்கில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலித்ததில்லை.

ஆனால் தீர்க்கரேகையை அதனால் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கைரோவாலும் முடியாது. சேலமும் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பவை. இரண்டு இடத்திலும் பூமி ஒரே மாதிரிதான் சுழல்கிறது. நடுவில் வங்கக் கடல் கிடப்பது பெட்டிக்குத் தெரிய வழியே இல்லை. அதை வெளியிலிருந்து யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். பிசகு நுழைகிற வாசலும் அதுதான்.

2015 மார்ச் 10. சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்ப வேண்டிய ஏர் ஏசியா எக்ஸ் ஏர்பஸ் ஏ330. வழக்கப்படி கேப்டன் கீழே இறங்கி விமானத்தைச் சுற்றிப் பார்ப்பார், கோ-பைலட் காக்பிட்டைத் தயார் செய்வார். அன்று கேப்டனின் காதுக் கவசம் கையில் இல்லை. இரைச்சலுக்குள் அது இல்லாமல் இறங்க முடியாது. நான் போய்ப் பார்த்து வருகிறேன் என்று கோ-பைலட் இறங்கினார். உள்வேலை கேப்டனிடம் வந்தது. ஒரு காதுக் கவசத்திலிருந்து இத்தனையும் ஆரம்பித்தது.

நிற்கிற இடத்தின் அட்ச, தீர்க்க ரேகைகளைக் கேப்டன் கையால் அடித்தார். 151 டிகிரி 9.8 நிமிடம் கிழக்கு என்பதை 15109.8 என்று அடித்திருக்க வேண்டும். உள்ளே போனது 01519.8. முன்னால் ஒரு பூஜ்யம், பின்னால் இலக்கங்கள் இடம் மாறல். அதாவது 15 டிகிரி கிழக்கு. விமானம் ஆப்பிரிக்காவின் தென்முனையில், கேப் டவுனுக்கு மேற்கே கடலில் நிற்பதாகக் கணினி எடுத்துக்கொண்டது. பிசகு 11,000 கிலோமீட்டருக்கும் மேல். சிட்னியும் கேப் டவுனும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கிட்டத்தட்ட 34 டிகிரியில் இருப்பவை என்பதைப் பூகோளப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அட்சரேகை பொருந்திவிட்டது. கைரோவுக்கு மறுக்க ஒன்றுமில்லை.

எச்சரிக்கை வரவில்லையா என்றால் வந்தது. திரையில் செய்தி வந்தது, மணியும் ஒலித்தது. சிலது கண்ணில் படவில்லை, பட்டது பொருட்படுத்தப்படவில்லை. மேலே ஏறி ஆட்டோ பைலட்டைப் போட்டதும் விமானம் இடப்பக்கம் திரும்பப் பார்த்தது. இடப்பக்கம் இருந்தது பக்கத்து ஓடுபாதையிலிருந்து விமானங்கள் கிளம்புகிற வழி. பைலட்டுகள் ஆட்டோ பைலட்டை எடுத்துவிட்டார்கள். அப்புறம் பறந்துகொண்டே கோளாறைச் சரிசெய்யப் போய், விமானத்தில் இருந்த மூன்று பெட்டிகளில் இரண்டை அணைத்து, அவற்றை நம்பியிருந்த மற்ற வசதிகளையும் இழந்தார்கள். சிட்னிக்கே திரும்பலாமென்றால் அங்கே மேகம் தாழ இறங்கிவிட்டது. கடைசியில் மெல்பேர்னில் இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை. இப்படிப்பட்ட தவறான பதிவை ஏற்காமல் தடுக்கும் மென்பொருள் அப்போதே வந்திருந்தது. அந்த விமானத்தில்தான் போட்டிருக்கவில்லை. ஆஸ்திரேலிய விசாரணையாளர்களின் அறிக்கையில் எல்லாம் இருக்கிறது, தேடிப் படியுங்கள்.

உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் இந்நேரம் கேட்டிருப்பார்: பெட்டிகள் மூன்று இருக்கின்றனவே, ஒன்று தப்பானால் மற்ற இரண்டும் சேர்ந்து அதை ஒதுக்கிவிடாதா? பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் கிடைக்கும். உண்மையில், அன்று ஒரே விரல் அடித்த ஒரே எண்தான் மூன்றுக்கும் போனது. மூன்றும் ஒற்றுமையாகக் கேப் டவுன் பக்கம் நின்றன. இது சுலபமாக விளங்க வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று திசைகாட்டிகளை எடுத்துக்கொண்டு கஞ்சமலைக்குப் போங்கள். மேக்னடைட் இரும்புத்தாது நிறைந்த மலை அது. தாதுப் பாறையை ஒட்டி வைத்தால் ஊசி விலகும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே திசையைக் காட்டும், அது வடக்காக இருக்காது. கருவிகள் ஒத்துப்போவதால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகிவிடாது. அவை எங்கிருந்து தகவல் வாங்குகின்றன என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது கனமான விஷயம். 1979 நவம்பர் 28. ஆக்லாந்திலிருந்து அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டப் போன ஏர் நியூசிலாந்து டிசி-10 விமானம் எரிபஸ் எரிமலையில் மோதியது. 257 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கேயும் தீர்க்கரேகைதான். பாதையை முதன்முதலில் கணினியில் ஏற்றியபோது, கடைசி இடத்தை 166 டிகிரி 48 நிமிடம் என்பதற்குப் பதில் 164 டிகிரி 48 நிமிடம் என்று அடித்துவிட்டார்கள். ஆறுக்குப் பதில் நாலு. அந்தத் தவறான பாதை தற்செயலாக நல்ல பாதையாக அமைந்தது: மலையை விட்டு விலகி, மக்மர்டோ நீரிணையின் தட்டையான பனிக்கட்டிக்கு மேலே போனது. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தது. அந்தப் பயணத்தின் பைலட்டுகளுக்குக் காட்டிய விளக்கக் காகிதங்களிலும் அந்தப் பாதைதான். விமானம் கிளம்புகிற நாளின் அதிகாலையில் அலுவலகத்தில் யாரோ எண்ணைச் சரிசெய்தார்கள். சரிசெய்ததைப் பைலட்டுகளிடம் சொல்லவில்லை.

இரண்டு டிகிரி என்பது நம் ஊரில் 218 கிலோமீட்டர். சேலத்திலிருந்து கிழக்கே வைத்தால் கரையைத் தாண்டிக் கடலுக்குள் போய்விடுவோம். துருவத்தை நெருங்கும்போது தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால் அங்கே அது ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். அது போதுமானதாக இருந்தது. மேலே வெள்ளை மேகம், கீழே வெள்ளைப் பனி, எதிரே வெள்ளைச் சரிவு. தட்டையான பனிவெளிக்கு மேலே போகிறோம் என்று நம்பித் தாழ இறங்கியவர்களுக்கு மலை தெரியவில்லை. கணினி அன்று ஒரு தவறும் செய்யவில்லை. கொடுத்த எண்ணுக்குத் துல்லியமாகக் கொண்டுபோனது. முதல் விசாரணை பைலட்டுகள் மேல்தான் பழியைப் போட்டது. அதன்பின் அரச ஆணையமாக விசாரித்த நீதிபதி பீட்டர் மகோன், கணினிப் பாதையை மாற்றிவிட்டுப் பைலட்டுகளுக்குச் சொல்லாமல் விட்டதே முதன்மைக் காரணம் என்று 1981இல் எழுதினார். அந்தப் பழி பற்றிய சச்சரவு நியூசிலாந்தில் பல பத்தாண்டு ஓடியது. நமக்கு வேண்டியது வேறு. தவறான எண்ணோடு விமானங்கள் பத்திரமாகப் போய்வந்தன. சரியான எண் வந்த அன்று ஆட்கள் செத்தார்கள். நாளை நீங்கள் ஹேங்கரில் ஒரு பழுதைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, சின்ன விஷயம்தானே, இதை வேறு எழுதிவைக்க வேண்டுமா என்று நினைக்கும்போது இந்த ஆறும் நாலும் ஞாபகத்துக்கு வரட்டும்.

பறக்கும்போதே பெட்டி கெட்ட கதைகளைச் சொல்கிறேன் என்றேன். சுருக்கமாக இரண்டு.

2005 ஆகஸ்ட் 1, பெர்த்திலிருந்து கோலாலம்பூர் போன மலேசியன் ஏர்லைன்ஸ் போயிங் 777. தன் பாட்டுக்கு மூக்கைத் தூக்கி 38,000 அடியிலிருந்து 41,000 அடி வரை ஏறியது. வேகம் மிஞ்சிவிட்டது, வேகம் போதவில்லை என்று இரண்டு எச்சரிக்கையும் ஒரே சமயத்தில் வந்தன. விசாரித்தால், உபரி முடுக்கமானிகள் கொண்ட அதன் பெட்டிக்குள் ஒன்று 2001லேயே செத்துப்போயிருக்கிறது. மிச்சம் இருப்பவற்றை வைத்து ஓட்டுவதுதான் வடிவமைப்பு, அதனால் அது அப்படியே கிடந்தது. நாலு வருடம் கழித்து இன்னொன்று கெட்டதும், மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையால், முன்பு ஒதுக்கிவைத்த செத்த முடுக்கமானியையே கணினி மறுபடி நம்பத் தொடங்கியது. பைலட்டுகள் கையால் ஓட்டிப் பெர்த்துக்கே திருப்பினார்கள். பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிடப்பில் போடுகிற பழுதுகள் அங்கேயேதான் கிடக்கின்றன.

இரண்டாவது, 2008 அக்டோபர் 7, சிங்கப்பூரிலிருந்து பெர்த் போன குவான்டாஸ் ஏ330. மூன்று பெட்டிகளில் ஒன்று தாறுமாறான எண்களை அனுப்பியது. உயரத்துக்கான எண் இறக்கைக் கோணத்தின் எண்ணாக முத்திரை மாறிப் போனதாகத் தெரிகிறது. விமானம் இரண்டு முறை குப்புறச் சாய்ந்தது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் முட்டினார்கள். காயம்பட்டவர்கள் 119 பேர். அந்த வகைப் பெட்டிகள் ஓடிய 12.8 கோடி மணி நேரத்தில் இந்தக் கோளாறு மூன்றே மூன்று முறைதான் வந்திருக்கிறது, ஏன் வந்தது என்று விசாரணையால் கண்டுபிடிக்க முடியவில்லை. தரையில் எல்லாரும் ஒழுங்காக இருந்தால் வானத்தில் ஒன்றும் நடக்காது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

இப்போதுதான் ஜிபிஎஸ் வந்துவிட்டதே, விரல் வேலை எதற்கு என்பீர்கள். நியாயம். புதிய விமானங்களில் நிற்கிற இடத்தை ஜிபிஎஸ்ஸே பெட்டிக்குச் சொல்லிவிடுகிறது. பெட்டி தனியாக ஓடினால் மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் நகர்ந்துவிடும், அந்த நகர்வையும் ஜிபிஎஸ் திருத்துகிறது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உண்டாக்கிய ககன் அமைப்பு அந்தத் துல்லியத்தை இன்னும் கூட்டுகிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில், தரைக் கருவியின் துணையில்லாமல் ககனை வைத்து ஓர் இண்டிகோ ஏடிஆர் 72 இறங்கிக் காட்டியது. சேலத்துக்கு வந்துபோகிற அதே ரகம். சின்ன ஊர் விமான நிலையங்களுக்கு இது பெரிய வரம், எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் செயற்கைக்கோள் சமிக்ஞை தரைக்கு வந்து சேரும்போது மிக மெலிந்திருக்கும். அதை இரைச்சலால் மூழ்கடிக்கலாம். அதைவிட மோசம், அதே மாதிரி போலி சமிக்ஞையை அனுப்பி விமானத்தை வேறோர் இடத்தில் இருப்பதாக நம்பவைக்கலாம். 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை இப்படி 465 சம்பவங்கள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பக்கம். அது எல்லைப் பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்தோம். 2025 நவம்பரில் டெல்லியிலேயே இது நடந்தது. அடுத்து அமைச்சர் சொன்ன பட்டியலில் ஹைதராபாத், பெங்களூரு, சென்னையும் இருந்தன. அதனால்தான் தரையில் இருக்கிற பழைய வானொலி வழிகாட்டிகளைப் பிடுங்கி எறியாமல் ஓரளவாவது வைத்திருக்கிறார்கள். நாக்பூர் தாண்டி ராத்திரியில் போன் ஒரு சந்துக்குள் திருப்பச் சொன்னால், நாமக்கல் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, டீக்கடையில் கேட்டுவரக் கிளீனரை இறக்கிவிடுவாரே, அந்த டீக்கடை வேலையைத்தான் அந்த வானொலி வழிகாட்டிகள் செய்கின்றன.

இப்படித் தனியான வேறொரு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. உங்கள் கல்லூரிகள் எல்லாமே 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டித்தான் இருக்கின்றன. வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலைப் பக்கம் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்து தொடங்கிய நில அளவை, அந்த 78ஆம் ரேகையை முதுகெலும்பாக வைத்துத்தான் குமரி முனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை போனது. நம் குன்றுகளின் தலைகளும் அவர்களுக்கு முக்கோண முனைகள்தான். கோணம் அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நெளிந்துபோனது. லாம்டன் அறைக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் கையால் தட்டித் தட்டிச் சரிசெய்தார். கருவியை இவ்வளவு நேசித்த ஆள்தான் அதை ஒருபோதும் முழுசாக நம்பவில்லை. முக்கோணங்களைக் கணக்குப் போட்டுக்கொண்டே பெங்களூர் போய்ச் சேர்ந்ததும், அங்கே இன்னோர் அடிக்கோட்டைத் தரையில் நேரடியாக அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். பல மைல் நீளக் கோட்டில் வித்தியாசம் சில அங்குலம். பெங்களூரில் அளந்தவர்களுக்குச் சென்னைக் கணக்கின் விடை உதவவில்லை. தனியாக அளந்தார்கள். அதனால்தான் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு.

இந்த இடத்தில் நம் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். மார்க் எடுக்கவைப்பதில் நாமக்கல்லுக்கு நாடு முழுக்கப் பேர். அங்கே பழகிய பிள்ளைக்கு ஒரு வித்தை கைவந்துவிடும்: புத்தகத்தின் பின்பக்க விடையைப் பார்த்துக்கொண்டு, கணக்கை அதற்கு ஏற்றாற்போல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வேலைக்கு வரும் இளைஞர்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன். செக்லிஸ்ட்டில் என்ன எண் வர வேண்டும் என்பதை முதலில் படித்துவிட்டு, அப்புறம் மீட்டரைப் பார்ப்பார்கள். பார்த்ததும் அந்த எண்தான் கண்ணுக்குத் தெரியும். ஒருவர் அடித்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று விதி வைத்தால், முதல் ஆள் வாய்விட்டுப் படிக்க, இரண்டாம் ஆள் தலையாட்டுவார். அதற்கு இரண்டு கையெழுத்து வரும், ஆனால் பார்த்தது ஒரு ஜோடிக் கண்தான். இரண்டாம் ஆள் முதலில் மூலத்தைத் தானே படித்து, தனியாக எழுதிக்கொண்டு, பிறகுதான் திரையைப் பார்க்க வேண்டும். இதில் நேரம் போகும். சூப்பர்வைசர் முறைப்பார். முறைக்கட்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. பின்பக்கத்தில் இதற்கு விடை இல்லை. ஓமலூரில் ஒரு விமானம் நிற்கிறது, ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்சரேகையைச் சரியாக அடித்துவிட்டீர்கள். தீர்க்கரேகையில் 78 என்பது 87 ஆகிவிட்டது. சுமார் 980 கிலோமீட்டர் கிழக்கே, வங்கக் கடலின் நடுவில் நிற்பதாகப் பெட்டி ஏற்றுக்கொள்ளப் பார்க்கிறது. கைரோ மறுக்காது என்று மேலே சொல்லிவிட்டேன். அப்படியானால், விமானம் ஓடுபாதைக்கு நகர்வதற்கு முன்பு, வேறு எந்தெந்தத் தகவல்கள் இந்த 87ஐப் பொய்யென்று காட்ட முடியும்? விமானத்துக்குள் இருப்பவை எவை, வெளியே இருப்பவை எவை, அவற்றில் ஒன்றையொன்று சாராதவை எவை? முந்தின நாள் ராத்திரி அணைத்தபோது பெட்டி தன் நினைவில் வைத்திருந்த இடத்தையும் கணக்கில் சேருங்கள். ஆனால் ராத்திரியில் யாராவது பெட்டியையே மாற்றியிருந்தால் அது என்னவாகும் என்றும் யோசியுங்கள். நாலைந்து பேராக உட்கார்ந்து போடுங்கள். ஆளுக்கொரு தாளில், பக்கத்தில் இருப்பவர் எழுதியதைப் பார்க்காமல்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
ராசிபுரம்